கன்சோல் கட்சிகள்: நாம் ஏன் மாறுவதில்லை?

சென்ற ஆண்டு என் தம்பி என்னிடம் ஒரு யோசனை கேட்டான். நான் சொன்ன யோசனையால் அவனுக்குப் பண நட்டம் ஏற்பட்டது. இந்தக் கட்டுரையை எழுத அதுதான் காரணம்.

தம்பி ஜொகூரில், மாசாயில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து தினமும் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்கு வருகிறான். விடியற்காலை நான்கரை மணிக்குத் தொழிற்சாலைப் பேருந்து வந்துவிடும். வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகும். கடற்பாலத்து நெரிசலில் போக வர நான்கு மணி நேரம் பேருந்திலேயே கழிகிறது. ஆறு மாதம் சேர்த்த பணத்தில் ஒரு கேம் கன்சோல் வாங்க ஆசைப்பட்டான். “அக்கா, சுவிட்ச் வாங்கவா, பிஎஸ்5 வாங்கவா? கூட வேலை செய்றவங்க எல்லாரும் சுவிட்ச்தான் வச்சிருக்காங்க” என்று கேட்டான். நான் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. “நம்ம வீடு என்னைக்கும் பிளேஸ்டேஷன்தான்டா” என்றேன்.

அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று வாங்கினான். வீட்டில் இருப்பது ஒரே தொலைக்காட்சி. இரவு பத்து மணி வரை அது அம்மாவின் தொடர்களுக்குச் சொந்தம். ஒன்பதரைக்குப் படுத்தால்தான் தம்பியால் மறுநாள் எழுந்திருக்க முடியும். ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரம் கிடைக்கும். அப்போதும் கூட விளையாட ஆளில்லை. நான்காவது மாதம் விற்றுவிட்டான். முந்நூறு வெள்ளி போனது. அவன் என்னை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது.

வாசகர்களே, அந்தக் கருவியைச் செய்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்கள் எனக்கு ஒரு காசும் கொடுத்ததில்லை. அப்படியிருக்க, கூடப்பிறந்தவனின் வசதியைப் பார்க்காமல் நான் ஏன் அவர்கள் பக்கம் பேசினேன்?

முதல் காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தெக்காவிலிருந்து ஜாலான் புசார் பக்கம் நடந்தால் சுங்கை சாலை வரும். 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்படும்வரை அங்கே பழைய பொருள்களுக்கான சந்தை நடந்தது. மூத்த வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். தரையில் துணி விரித்து, பழைய கடிகாரம், ரேடியோ, செருப்பு, சாவி என்று எல்லாவற்றையும் பரப்பி வைத்திருப்பார்கள். எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பா அங்கிருந்துதான் ஒரு பிளேஸ்டேஷன் 2 வாங்கி வந்தார். ஒரு கண்ட்ரோலர் இருந்தது. மெமரி கார்டு இல்லை. அப்படி ஒன்று தேவை என்பதே அப்பாவுக்குத் தெரியாது. ஆகவே எவ்வளவு தூரம் விளையாடினாலும் கருவியை அணைத்தவுடன் எல்லாம் அழிந்துவிடும். நானும் தம்பியும் தொலைக்காட்சியை மட்டும் அணைத்துவிட்டு, கருவியை இரவு முழுவதும் ஓடவிட்டு, அதன் சிவப்புநிற, பச்சைநிற விளக்கு அம்மாவின் கண்ணில் படாதபடி துண்டு போட்டு மூடி வைப்போம். சூட்டில் அது வெடிக்காமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். மூன்று வாரம் கழித்து அப்பா ஒரு கார்டு கொண்டு வந்தார். 8 மெகாபைட். இன்றைய கைத்தொலைபேசிப் படங்கள் இரண்டு மூன்றுக்கே அது போதாது. ஆனால் எங்கள் ‘வின்னிங் இலெவன்’ கோப்பைகள் அத்தனையும் அதில்தான் இருந்தன.

அந்த மூன்று நான்கு ஆண்டுகளில் என் கைவிரல்கள் ஒரு மொழியைக் கற்றுக்கொண்டன. சதுரம் என்றால் கோலை நோக்கி உதை. பெருக்கல் குறி என்றால் பந்தைக் கொடு. யோசிப்பதற்கு முன்பே கட்டைவிரல் போய்விடும். நிண்டெண்டோ கருவியில் ‘ஏ’ பொத்தான் வலப்புறமும் ‘பி’ பொத்தான் கீழேயும் இருக்கும். எக்ஸ்பாக்ஸில் ‘ஏ’ கீழே, ‘பி’ வலப்புறம். ஒன்றில் பழகியவர் மற்றொன்றை எடுத்தால் பத்து நிமிடத்தில் எரிச்சல் வரும். வேறு கருவி மோசம் என்று நாம் சொல்வதில் பாதி, நம் விரலுக்கு அது பழகவில்லை என்பதே.

இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் வட்டாரத்தில் பிளேஸ்டேஷன் வீட்டுக்கு வீடு பரவியதற்குக் குறுந்தட்டு முக்கியக் காரணம். அதன் போட்டியாளராக 1996இல் வந்த நிண்டெண்டோ 64 கேட்ரிட்ஜில் ஓடியது. அதை வீட்டில் நகலெடுக்க இயலாது. தட்டை நகலெடுப்பதோ எளிது. கருவிக்குள் ஒரு ‘சிப்’ வைத்துவிட்டால் பாசார் மாலாமில் சில ரிங்கிட்டுக்கு விற்கும் திருட்டுத் தட்டும் ஓடும். அது சட்டப்படி குற்றம், விளையாட்டை உருவாக்கியவரின் உழைப்பைத் திருடுவது. எட்டு வயதில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் நான் ‘விசுவாசம்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டதற்குக் கீழே அந்த மலிவுத் தட்டுகளும் இருந்தன.

பிளேஸ்டேஷனே ஒரு முறிந்த நட்பில் பிறந்தது என்பதைப் பலர் அறிந்திருப்பீர்கள். சோனியும் நிண்டெண்டோவும் சேர்ந்து குறுந்தட்டில் ஓடும் ஒரு கருவியைச் செய்வதாக இருந்தது. 1991இல் நிண்டெண்டோ சோனியை விட்டுவிட்டு பிலிப்ஸுடன் கைகோத்தது. சோனி தனியாகவே கருவியைச் செய்து 1994 டிசம்பர் 3ஆம் தேதி ஜப்பானில் வெளியிட்டது. முதல் ஆறு ‘ஃபைனல் ஃபேண்டஸி’ விளையாட்டுகளும் நிண்டெண்டோ கருவிகளுக்கே வந்தவை. ஏழாவது 1997இல் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. கேட்ரிட்ஜின் கொள்ளளவு அதற்குப் போதவில்லை. மூன்று தட்டுகள் தேவைப்பட்டன. அந்த விளையாட்டு போன இடத்துக்கு அதன் ரசிகர்களும் போனார்கள். நடிகர் படநிறுவனம் மாறினால் ரசிகன் நிறுவனத்தோடு நிற்பதில்லை அல்லவா?

சேகாவின் கதை இன்னும் வேடிக்கை. 90களில் மெகா டிரைவ் வைத்திருந்தவர்களும் நிண்டெண்டோ வைத்திருந்தவர்களும் பள்ளி இடைவேளையில் அடித்துக்கொள்ளாத குறை. 2001 ஜனவரியில் சேகா இனிமேல் கருவிகள் செய்யப் போவதில்லை என்று அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சேகாவின் சின்னமான சோனிக், நிண்டெண்டோவின் கருவியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை சண்டை போட்டவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

விற்பனை எண்களைப் பார்த்தால் நம் விசுவாசம் நாம் நினைப்பதுபோல் அசையாத ஒன்றல்ல என்று தெரிகிறது. 2000இல் வந்த பிளேஸ்டேஷன் 2, 150 மில்லியனுக்கும் மேல் விற்றது. அடுத்ததான பிளேஸ்டேஷன் 3, 2006இல் எக்ஸ்பாக்ஸ் 360ஐவிட ஓராண்டு பிந்தி, 599 அமெரிக்க வெள்ளி வரை விலையுடன் வந்தது. விற்றது ஏறக்குறைய 87 மில்லியன். நிண்டெண்டோவின் வீ 100 மில்லியனைத் தாண்டியது. அடுத்து வந்த வீ யூ 14 மில்லியனைக்கூடத் தொடவில்லை. இத்தனைக்கும் வீயின் விளையாட்டுகள் வீ யூவிலும் ஓடின. 2017இல் வந்த சுவிட்ச் மீண்டும் 150 மில்லியனைக் கடந்தது. கட்சி மாறுவதில்லை என்று உரக்கச் சொல்லும் கூட்டத்தில் பல மில்லியன் பேர் சத்தமில்லாமல் மாறியிருக்கிறார்கள்.

ஆனால் அண்மைக் காலத்தில் இந்த நடமாட்டம் குறைந்திருக்கிறது. இதை விளக்க எங்கள் பாட்டி வீட்டுப் பக்கத்து மளிகைக் கடைதான் எனக்கு உதவுகிறது. 555 என்று அட்டையில் அச்சிட்ட சிறிய குறிப்புப் புத்தகத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதில் பற்று எழுதி வைத்து மாதக் கடைசியில் அடைப்பார்கள். எதிர்க்கடையில் அரிசி ஐம்பது காசு குறைவு என்றாலும் பாட்டி போக மாட்டார். அன்பும் ஒரு காரணம்தான். ஆனால் கணக்கு இருப்பது இந்தக் கடையில்.

முன்பு ஒரு தலைமுறைக் கருவி முடிந்தால் பெரும்பாலும் எல்லாரும் புதுக் கணக்குத் தொடங்கினார்கள். தட்டுகளை விற்றுவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். 2013இல் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டும் வந்த பிறகு மக்கள் தட்டு வாங்குவதைக் குறைத்து, இணையத்தில் பதிவிறக்கம் செய்யத் தொடங்கினார்கள். அந்தக் கணக்கு அடுத்த கருவிக்கும் கூடவே வந்தது. பத்து ஆண்டுகளில் வாங்கியவை, நண்பர் பட்டியல், இரவெல்லாம் விழித்துப் பெற்ற கோப்பைகள் எல்லாம் ஒரே பெயரின் கீழ் சேர்ந்துவிட்டன. கடை மாறினால் அனைத்தையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவராக இருந்த ஃபில் ஸ்பென்சர் 2023இல் ஒரு நேர்காணலில் இதையே ஒப்புக்கொண்டார். தோற்கவே கூடாத ஒரு தலைமுறையில் தோற்றுவிட்டோம், மக்கள் தங்கள் விளையாட்டுத் தொகுப்பைச் சேர்த்தது அப்போதுதான் என்பது அவர் பேச்சின் சாரம்.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. பாட்டியின் 555இல் இருந்தது பாட்டி கொடுக்க வேண்டிய கடன். நம் கணக்கில் இருப்பதோ நாம் ஏற்கெனவே பணம் கட்டி வாங்கியது. ஆனால் அதை விற்க முடியாது. தம்பிக்கு எழுதிக் கொடுக்கவும் முடியாது. சட்டப்படி அது ஓர் உரிமம் மட்டுமே. ‘வாங்கு’ என்ற பொத்தானைப் போட்டுவிட்டு உரிமத்தை மட்டும் கொடுப்பதானால் அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் 2024இல் சட்டமே இயற்றியது. சிராங்கூன் சாலை நகைக்கடைகளில், தன் கடை நகையைத் திரும்பக் கொண்டுவந்தால் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்பதற்காக அதே கடைக்குப் போகும் அத்தைமார் இருக்கிறார்கள். அவர்கள் பிழைக்கத் தெரிந்தவர்கள். கையில் தங்கமாவது இருக்கிறது.

பொருளும் ஆளைக் கட்டிப்போடும் என்பதற்குச் சிங்கப்பூர்க்காரர்களுக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று சொல்கிறேன். 2013இல் லாஸ் வேகசில் நடந்த ‘ஈவோ’ போட்டியில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ பிரிவில் வென்றவர் சிங்கப்பூரின் ஹோ குன் சியன். இத்தகைய போட்டியாளர்கள் பெரிய கைப்பிடியும் பொத்தான்களும் கொண்ட பலகைகளை வைத்து விளையாடுவார்கள். ஒரு கருவிக்குச் செய்த பலகை பெரும்பாலும் மற்றதில் வேலை செய்யாது. நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கிய பலகை எந்தப் பக்கமோ, ஆளும் அந்தப் பக்கம். 2016இல் ஐந்தாம் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ பிளேஸ்டேஷன் 4க்கும் கணினிக்கும் மட்டுமே வந்தபோது எக்ஸ்பாக்ஸ் பலகைக்காரர்கள் உள்ளே இருக்கும் மின்பலகையை மாற்றவோ, புதிது வாங்கவோ வேண்டியதாயிற்று.

மனத்தின் பங்கும் உண்டு. ஜாக் பிரேம் என்ற உளவியலாளர் 1956இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பெண்கள் சிலரிடம் ரொட்டி வாட்டும் கருவி போன்ற வீட்டுப் பொருள்களைக் காட்டி மதிப்பிடச் சொன்னார். பிறகு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். எடுத்த பின் மீண்டும் மதிப்பிடச் சொன்னபோது, கையில் எடுத்ததன் மதிப்பு உயர்ந்திருந்தது. விட்டதன் மதிப்பு குறைந்திருந்தது. பொருள் மாறவில்லை. தேர்ந்தெடுத்தது சரிதான் என்று மனம் தன்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறது. ஒரு குடும்பம் ஒரே ஒரு கன்சோல் மட்டுமே வாங்க முடியும் என்னும்போது இந்தச் சமாதானம் இன்னும் அதிகமாகத் தேவைப்படும் என்று நினைக்கிறேன். இரண்டையும் வாங்கி வைத்திருக்கும் விடுதித் தோழி யாருடனும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. எம்ஜிஆர்-சிவாஜி, ரஜினி-கமல் என்று வளர்ந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டுமா? முதல் நாள் முதல் காட்சிக்கு ஒரே ஒரு டிக்கெட்டுக்குத்தான் காசு இருந்தவர்கள்தாம் அதிகம் சண்டை போட்டார்கள்.

இப்போது நிறுவனங்களே கட்சியைக் கலைத்துக்கொண்டிருக்கின்றன. 2024 தொடங்கி எக்ஸ்பாக்ஸ் தன் சொந்த விளையாட்டுகளைப் போட்டிக் கருவிகளுக்கும் கொடுக்கத் தொடங்கியது. 2025இல் ‘ஃபோர்ஸா ஹொரைசன் 5’, ‘கியர்ஸ் ஆஃப் வார்’ இரண்டும் பிளேஸ்டேஷன் 5இல் வந்தன. அதே ஆண்டு அக்டோபரில் ‘ஹேலோ’வும் வரப்போகிறது என்று அறிவித்தார்கள். சோனிக்கின் கதைதான் நினைவுக்கு வருகிறது.

தம்பி சிம் லிம் ஸ்குவேரில் ஒரு பழைய சுவிட்ச் வாங்கிவிட்டான். என்னிடம் யோசனை கேட்கவில்லை. காலைப் பேருந்தில் கடற்பாலம் நகராமல் நிற்கும்போது அவனும் உடன் வேலை செய்யும் மூன்று பேரும் ‘மாரியோ கார்ட்’ ஓட்டுகிறார்களாம். தீபாவளி விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது என் கையிலும் ஒன்றைக் கொடுத்தான். பந்தயம் தொடங்கியதும் என் கட்டைவிரல் பழக்கத்தில் கீழே உள்ள பொத்தானுக்குப் போனது. எல்லா வண்டிகளும் முன்னால் பாய, என் வண்டி மட்டும் பின்னால் போனது. “அக்கா, அது பிரேக்கு” என்றான் தம்பி.