அகலமும் உயரமும்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் சாலையும் பழனியிலிருந்து வரும் சாலையும் கூடுமிடத்தில் பெருமாள்மலை என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அவ்வூரில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன், மறைந்த தன் பாட்டனாரின் நினைவு நாளுக்காகக் காணொளி ஒன்றைத் தொகுத்தான். 1994ஆம் ஆண்டில் நடந்த தன் தந்தையின் திருமணத்தைப் பதிவு செய்த ஒளிநாடாவே அதற்கு மூலம். உறவினர் கூடியிருக்க, அகன்ற தொலைக்காட்சியில் அக்காணொளி ஓடியது. பாட்டியார் சிறிது நேரம் உற்றுநோக்கிவிட்டு, “ஏனப்பா, உன் தாத்தா இவ்வளவு பருமனாகவா இருந்தார்? இது அவர் முகம் இல்லையே!” என்றார். மாணவன் முகம் வாடி நின்றான்.

நான் அவனைச் சாளரத்தருகே அழைத்து, “வெளியே தெரியும் சிகரத்தைப் பார்; படத்தில் மணப்பந்தலுக்குப் பின்னால் தெரியும் அதே சிகரத்தையும் பார்” என்றேன். வெளியே நிமிர்ந்து நின்ற மலை, படத்தில் அமுங்கிக் கிடந்தது. பிழை பாட்டியாரின் கண்ணில் இல்லை. படத்தின் அளவில் இருந்தது.

அப்பிழை யாது என்பதைக் காண்போம். ஒரு படத்தின் அகலத்திற்கும் உயரத்திற்கும் உள்ள விகிதம், பழைய தொலைக்காட்சியில் 4:3. இக்காலத் தொலைக்காட்சியில் 16:9. இன்றைய சட்டம் ஒன்று 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் உடையது எனக் கொள்வோம். அதில் பழைய படத்தை உயரம் பொருந்த வைத்தால், 1440 புள்ளி அகலமே நிரம்பும். எஞ்சிய 480 புள்ளியையும் நிரப்ப விரும்பிய மாணவன், படத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டான். அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு மிகுந்தது. வட்டம் நீள்வட்டமாயிற்று, மெலிந்தவர் பருத்தார்.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. 1973ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ராஜராஜ சோழன்’ தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாகும். சினிமாஸ்கோப் முறையில், அகன்ற காட்சியைத் தனி வில்லை ஒன்று பக்கவாட்டில் பாதியாக ஒடுக்கிப் படச்சுருளில் பதிக்கும். திரையிடும் கருவியின் வில்லை அதனை மீண்டும் இருமடங்காக விரிக்கும். அவ்வில்லையைப் பொருத்த மறந்தால், மாந்தரெல்லாம் ஒல்லியாய் நெடிதுயர்ந்து தோன்றுவர்.

எனின், செய்யத்தக்கது யாது? வழிகள் இரண்டு. முதலாவது, படத்தை முழுமையாக வைத்து, இருபுறமும் 240 புள்ளி அகலமுள்ள கரும்பட்டைகளை விடுதல். இரண்டாவது, அகலமும் உயரமும் ஒருங்கே பெருகுமாறு விரித்து, மேலும் கீழும் மிகுவதை வெட்டுதல். இதில் உருவம் பிறழாது; ஆயினும் உயரத்தில் காற்பங்கு இழக்க நேரும். தலையோ பாதமோ வெட்டுப்படாமல் காத்தல் வேண்டும். எவ்வழியாயினும், தொகுக்கத் தொடங்கும்போதே சட்டத்தின் அளவை முடிவு செய்து, படத்தைக் கோப்பாக வெளியிடும்போதும் அவ்வளவையே குறித்தல் நன்று. பின்னர், படத்தில் வட்டமான பொருள் ஒன்றைத் தேடிப் பாருங்கள். தாம்பாளம் வட்டமாகவே தெரியுமாயின், முகமும் முகமாகவே தெரியும்.

மாணவர்களே! திரையை நிரப்புவதினும் உருவத்தைக் காப்பதே முதன்மையானது. அம்மாணவன் முதல் வழியை மேற்கொண்டு, மறுநாள் படத்தை மீண்டும் காட்டினான். இருபுறமும் இருந்த கரும்பட்டைகளைப் பாட்டியார் பொருட்படுத்தவே இல்லை. “இவர்தாம்” என்று மெல்லக் கூறிக் கண்களைத் துடைத்துக்கொண்டார்.