கல்நார்த் தொழிலாளர்கள்: நாற்பது ஆண்டுப் பதிவேடு யாரிடம்?

புது தில்லி: கல்நார்த் தொழிற்சாலைகளில் பணிபுரியும் ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும், அவர் பணியில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது பணியிலிருந்து நீங்கியபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தையதோ அதுவரை நிர்வாகம் பாதுகாக்க வேண்டும் என்று 1995 ஜனவரி 27-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அவ்வாண்டில் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். அந்தப் பதிவேடு அவர்களுக்குத் தேவைப்படும் காலம் இப்போதுதான் தொடங்குகிறது.

நோயின் இயல்பே அதற்குக் காரணம். ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரின் நுண்ணிழைகள் மூச்சுடன் உட்சென்றால் நுரையீரலில் தங்கிவிடுகின்றன. நுரையீரல் தழும்பேறி இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சூழ்ந்த உறையைத் தாக்கும் மீசோதெலியோமா ஆகியவை அதன் விளைவுகள். மீசோதெலியோமா வெளிப்பட 20 முதல் 50 ஆண்டுகள் வரை ஆகலாம்; வெளிப்பட்டபின் பெரும்பாலானோர் ஓரிரு ஆண்டுகளே உயிர் வாழ்கின்றனர். தூசி படிந்த வேலை உடையைத் துவைத்த மனைவியருக்கும் இந்நோய் வந்ததைப் பல நாடுகளின் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். அவர்கள் பெயர் எந்த ஆலையின் பதிவேட்டிலும் இராது.

ஆமதாபாதின் நுகர்வோர் கல்வி, ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் அத்தீர்ப்பு வந்தது. தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று அறிவித்த நீதிபதிகள், நோய் உறுதி செய்யப்பட்டோருக்கு ரூ.1 லட்சம் இழப்பீடும், அனைவருக்கும் இ.எஸ்.ஐ. அல்லது கட்டாயக் காப்பீடும் வழங்கப் பணித்தனர்.

ஆனால், உத்தரவு ஆலைகளைத்தான் கட்டுப்படுத்தியது. கட்டுமானத் தளங்களில் சிமெண்ட் கூரைத் தகடுகளை அறுப்பவர், பழைய கூரையைப் பிரிப்பவர், குஜராத்தின் ஆலங் கடற்கரையில் கப்பல் உடைப்பவர் ஆகியோரில் பலர் நாள்கூலிகள் அல்லது ஒப்பந்தத் தொழிலாளர்கள். கல்நார் நிறைந்த 'கிளமென்சோ' போர்க்கப்பலை 2006-ல் பிரான்ஸ் திருப்பி அழைத்துக்கொண்டது அன்று பெருஞ் செய்தியாயிற்று. மற்ற கப்பல்களை உடைத்தோர் செய்தியாகவில்லை.

இழப்பீட்டுச் சட்ட அட்டவணையில் கல்நாரால் வரும் மீசோதெலியோமா தொழில்சார் நோயாகவே இடம்பெற்றது. எனினும் முப்பது ஆண்டுகளுக்கு முன் எந்த முதலாளியிடம் அந்த இழையைச் சுவாசித்தோம் என்பதை நோயாளி எப்படி மெய்ப்பிப்பது?

அரசின் நிலையோ முரண்பாடுகள் நிறைந்தது. 1986-ல் புதிய கல்நார்ச் சுரங்கக் குத்தகைகளையும், 1993-ல் குத்தகைப் புதுப்பித்தலையும் மத்திய அரசு நிறுத்தியது. இறக்குமதியை நிறுத்தவில்லை. தோண்டுவதற்கு ஆகாத பொருள், ரஷியாவிலிருந்து மூட்டையாக வந்தால் ஆகும் போலும்! வெள்ளைக் கல்நாரை அபாயப் பொருள்கள் குறித்த ராட்டர்டாம் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்க்க 2011-ல் ஜெனீவாவில் இசைந்த இந்தியா, 2013-ல் எதிர்த்தது. ஏழைகளுக்கு மலிவான கூரை, கட்டுப்பாட்டுடன் கையாண்டால் தீங்கில்லை என்பன தொழில்துறையின் வாதங்கள். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைவிக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு.

தடை கோரிய மனுவை 2011 ஜனவரியில் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், 1995 உத்தரவுகளை நிறைவேற்றும்படி மீண்டும் வலியுறுத்தியது. வெள்ளைக் கல்நாருக்குத் தடை கோரும் தனிநபர் மசோதா ஒன்று 2009-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மாநிலங்களவையில் அதைக் கொண்டுவந்தவர் காங்கிரஸின் விஜய் தர்தா. வெள்ளிக்கிழமை பிற்பகல்களில், பாதி காலியான அவையில் பேசப்படும் இத்தகைய மசோதா எதுவும் 1970-க்குப் பின் சட்டமாகவில்லை.

தடை பற்றிய வழக்காடல் நீளட்டும்; பதிவேட்டுக்கு அது காத்திருக்க வேண்டியதில்லை. அதை ஆலை முதலாளியிடம் விட்டுவைக்காமல் அரசே பெற்றுக் காப்பதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. 1995-ல் சேர்ந்து சில ஆண்டுகளில் விலகிய தொழிலாளிக்கு நாற்பதாண்டுக் கெடு 2035-ல் முடிகிறது. நோய்க்கு அத்தகைய கெடு கிடையாது.