இரண்டாம் அறுவைக்கு முன் ஐந்தொகை எடுங்கள்

நம் தொழில் உட்கார்ந்து செய்யும் தொழில். மூட்டை சுமப்பவர் ஒல்லியாக இருக்கிறார். அந்த மூட்டைக்கு விலை சொல்லும் நாம் பருத்துப் போகிறோம். நம்மவரில் சிலர் இதற்காக எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்டார்கள். எடை மளமளவென்று இறங்கியது, சர்க்கரை மாத்திரையும் குறைந்தது. சில ஆண்டு சென்றபின் எடை திரும்பி ஏறியிருக்கிறது. இன்னொரு முறை செய்யலாமா என்று இப்போது கேட்கிறார்கள்.

நம் கடைவீதியில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் 128 கிலோவிலிருந்து 86க்கு இறங்கியவர். இன்று 111. வெட்கப்பட்டுக்கொண்டு டாக்டரிடம் போவதையே நிறுத்திவிட்டார்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அறுவைக்குப் பின் ஓரளவு எடை திரும்புவது பலருக்கும் நடப்பதுதான். எடை குறைந்ததும் உடம்பு பசியைக் கூட்டும், சக்திச் செலவைச் சுருக்கும், பழைய இருப்புக்கே திரும்பப் பார்க்கும். அது உடம்பின் இயல்பு.

ஆனால் நட்டம் எங்கே என்று பாராமல் இரண்டாவது கடன் வாங்குபவர் முதலையும் இழப்பார். ஓட்டை குடோனிலா, கொள்முதலிலா என்று முதலில் பார்க்க வேண்டும்.

குடோன் என்பது இரைப்பை. ஸ்லீவ் முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வெட்டி எடுத்துக் குழாய்போல் விடுகிறார்கள். நாளடைவில் அது விரியலாம். பைபாஸ் முறையில் சிறு பை ஒன்று செய்து அதைக் குடலோடு இணைப்பார்கள். அந்த இணைப்பு வாய் அகலமாகலாம். பழைய இரைப்பைக்கு வழி திறந்துகொள்ளவும் கூடும். எண்டோஸ்கோபியும் பேரியம் எக்ஸ்ரேயும் எடுத்தால் இவை தெரிந்துவிடும்.

கொள்முதல் நாம் உண்பது. சிறுத்த இரைப்பை ஒரு தட்டுச் சோற்றைத் தடுக்கும். கல்லாவில் உட்கார்ந்து பத்து முறை குடிக்கும் சர்க்கரை போட்ட டீயையும், கொறிக்கும் மிக்சரையும் தடுக்காது. கடை சாத்தி இரவு பதினொரு மணிக்கு உண்ணும் பரோட்டா வேறு. ஒரு மாதம் வாயில் போட்டதையெல்லாம் சிட்டையில் எழுதுங்கள். இன்சுலின், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகளும் எடையைக் கூட்டும். அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

கோளாறு இரைப்பையில்தான் என்றால், அல்லது ஸ்லீவுக்குப் பின் மருந்துக்கும் அடங்காத நெஞ்செரிச்சல் இருந்தால், அதை பைபாஸாக மாற்றுவதற்கு நியாயம் உண்டு. ஆனால் ஒருமுறை வெட்டித் தைத்த இடத்தில் தழும்பும் ஒட்டலும் இருக்கும். ஆகவே தையல் கசிவு, இரத்தப்போக்கு போன்ற அபாயம் முதல் அறுவையைவிட அதிகம். குறையும் எடையோ பொதுவாக முதல் முறையைவிடக் குறைவு. இரும்பு, கால்சியம், பி12 மாத்திரைகளை வாழ்நாள் முழுதும் விடக்கூடாது.

கோளாறு பழக்கத்தில் என்றால் கத்தி மட்டும் அதைத் திருத்தாது. உணவு ஆலோசகரும் நடையும் வேண்டும். வாரம் ஒருமுறை போடும் செமாகுளூடைடு, டிர்செபடைடு ஊசிகள் எடைக் குறைப்புக்கென 2025ல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தன. அறுவைக்குப் பின் எடை கூடியவர்களுக்கும் மருத்துவர்கள் இவற்றைத் தருகிறார்கள். நிறுத்தினால் எடை மீண்டும் ஏறுகிறது. எனவே மாதச் செலவைக் கணக்கிட்டுத் தொடங்குங்கள்.

இன்சூரன்ஸையும் பாருங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019ல் வகுத்த விதி, உடல் நிறைக் குறியீடு 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்; அல்லது 35க்குக் குறையாமல் இருந்து, கட்டுக்கடங்காத சர்க்கரை, இதய நோய் போன்ற கடும் தொல்லை இருக்க வேண்டும் என்றது. மறு அறுவைக்குப் பணம் உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மறு அறுவைகள் பல செய்து பழகிய மருத்துவர் இருவரிடமாவது யோசனை கேளுங்கள். பழைய அறுவைக் குறிப்பைக் கையோடு கொண்டு போங்கள். அவசரம் வேண்டாம், அதற்காக வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடவும் வேண்டாம். கடையை நாளை பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். உடம்பை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.