பணியிட நூலகமும் இணையத் தொடர்பும்

நூலகம் என்றதும் நம் நினைவில் எழுவது ஊர் நூலகமோ கல்லூரி நூலகமோதான். ஆராய்ச்சி நிலையம், மருத்துவமனை போன்ற பணியிடங்களிலும் நூலகங்கள் உண்டு. அங்கே வருபவர் பொழுதுபோக்கப் படிப்பவர் அல்லர். ஒரு செய்தி கிடைக்காமல் வேலை நின்றுவிட்டதால் வருபவர். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது, சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் நான்காவது. பணியிட நூலகத்திற்கு அதுவே முதல் விதி எனலாம்.

இதற்கு எடுத்துக்காட்டு தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் மாவட்டத்தில், கொடைக்கானல் மலைமீது, 1899-இல் தோன்றிய சூரிய ஆய்வகம் இருக்கிறது. சூரியக் கரும்புள்ளிகளிலிருந்து வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் ஜான் எவர்ஷெட் கண்டறிந்தது அங்கேதான். (இயற்பியல் மாணவர்கள் இதைச் சற்றுப் பெருமையுடனேயே சொல்லிக்கொள்ளலாம்.) இன்று அது பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஓர் அங்கம். மலைமேல் இருக்கும் ஆய்வாளருக்கு வேண்டிய கட்டுரை புனேயிலோ மும்பையிலோ இருந்தால் என் செய்வது? 1981-இல் இந்திய வானியல் நூலகர்கள் கூடி 'ஃபோர்சா' என்னும் அமைப்பைத் தொடங்கினர். ஒரு நூலகத்தில் இல்லாததை மற்றொன்று கொடுத்துதவும் ஏற்பாடு அது. அந்நாளில் கோரிக்கை கடிதமாகப் போகும். நகல் தபாலில் வரும். பின்னர் மின்னஞ்சல் வந்து நாள்கணக்கை மணிக்கணக்காக்கியது. ஆயினும், நூலகர்களின் உறவு முந்தியது, இணையம் பிந்தியது என்பதை நாம் மறக்கலாகாது. உறவு இல்லாத இடத்தில் கருவி மட்டும் என்ன செய்யும்?

வாட்ஸ்அப் குழு, புதிய நூல் வரவையும் விடுமுறையையும் அறிவிக்க ஏற்றது. ஐயம் கேட்க அது ஏற்றதன்று. 'காலை வணக்கம்' படங்களுக்கிடையே வினா புதைந்துபோகும். மின்னஞ்சலில் வினாவும் விடையும் தங்கும். அடுத்த ஆண்டு அதே வினா வந்தால் தேடி எடுக்கலாம். அதற்கும் ஒரு குறை உண்டு. கேட்பவர் முகம் தெரியாது. 'வெப்பம் பற்றிய புத்தகம்' கேட்பவருக்கு உண்மையில் வேண்டியது வெப்பக் கடத்துதிறன் காணும் ஒரேயொரு செய்முறையாக இருக்கலாம். நேரில் என்றால் நூலகர் இரண்டு கேள்வி கேட்டு அதை அறிந்துவிடுவார். மின்னஞ்சலிலும் அந்த மறுவினாவை எழுதிக் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் என்னைப் போல் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்க்கு, மேசை முன் நின்று வாய் திறப்பதே பெரும்பாடு. எழுதிக் கேட்கும்போது அந்தக் கூச்சம் இல்லை.

கேட்டுப் பெறுவதற்கும் இப்போது நிறைய இருக்கிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்கள் இணையவழிப் படிக்க, 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. என் வகுப்பில் விசாரித்தேன், அறிந்தவர் இருவரே. இத்தகைய செய்தியை அல்லவா கல்லூரிக் குழுக்களில் முதலில் போட வேண்டும்!

கட்டுரை வேண்டி நூலகருக்கு எழுதுவோர் ஆசிரியர் பெயர், தலைப்பு, இதழின் பெயர், தொகுதி, ஆண்டு, பக்கம் ஆகியவற்றைத் தவறாமல் குறிப்பிடுக. 'மிக அவசரம்' என்பதைவிட, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று எழுதுவது அவருக்கு உதவியாயிருக்கும்.