வகுத்தால் தெரியும் ரகசியம்

கொதிக்கும் தண்ணீரில் வெப்பமானியை வைத்தால், அடுப்பு எவ்வளவு எரிந்தாலும் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. அப்படியானால் அடுப்பின் வெப்பம் எங்கே போகிறது? 1760களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசப் பிளாக் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ட உள்ளுறை வெப்பத்தைத்தான் இன்று ஆவியாதல் என்தால்பி என்கிறோம். ஒரு மோல் தண்ணீருக்கு, அதாவது 18 கிராமுக்கு, அது 40.7 கிலோஜூல். மூலக்கூறுகளை ஒன்றின் பிடியிலிருந்து மற்றொன்றைப் பிரித்தெடுக்கவே அதில் பெரும்பகுதி செலவாகிறது.

செலவுக்கு வரவும் உண்டு. ஆவியான தண்ணீர் முன்பைவிட 1,600 மடங்குக்கும் அதிகமான இடத்தில் பரவுகிறது. மூலக்கூறுகள் இருக்கக்கூடிய விதங்கள் எண்ணிலடங்காமல் பெருகுகின்றன. இந்தப் பெருக்கத்தின் அளவே என்ட்ரோபி. கொதிநிலைக்குக் கீழே பிணைப்பின் கை ஓங்கியிருக்கும். மேலே பரவலின் கை. கொதிநிலையில் இரண்டும் சரிசமம். ஆகவே என்தால்பியைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தாலே என்ட்ரோபி எவ்வளவு கூடியது என்று தெரிந்துவிடும்.

1884இல் டப்ளினைச் சேர்ந்த பிரெடெரிக் டிரவுட்டன் கண்ட ஒற்றுமை வியப்பானது. ஈதர் 35 டிகிரியில் கொதிக்கிறது, பென்சீன் 80 டிகிரியில். இரண்டுக்கும் வேண்டிய வெப்பமும் வேறு. ஆனால் வகுத்துப் பார்த்தால் ஒரு மோலுக்கு, ஒரு கெல்வினுக்கு, முதலாவது சுமார் 86 ஜூல், அடுத்தது 87. கார்பன் டெட்ராகுளோரைடோ 85. எந்தப் பொருளானாலும், ஒரே அழுத்தத்தில் ஒரு மோல் வாயு ஏறக்குறைய ஒரே அளவு இடத்தை நிரப்பும். அதனால் திரவம் வாயுவாகும்போது கிடைக்கும் சுதந்திரமும் ஏறக்குறைய ஒன்றே. இவ்வளவு எளிய விதி வேதியியலில் அபூர்வம்.

எனக்கோ விதிக்கு அடங்காதவைதான் இன்னும் பிடிக்கும். தண்ணீருக்கு விடை 109. ஏன் இத்தனை அதிகம்? ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீரைத் திரவமாக இருக்கும்போதே ஓரளவு ஒழுங்குபடுத்தி வைத்திருக்கின்றன. ஒழுங்கிலிருந்து கிளம்புவதால் தாண்டும் தூரமும் அதிகம். வினிகருக்குப் புளிப்பைத் தரும் அசிட்டிக் அமிலம் இதற்கு நேர் எதிர்: வெறும் 61 அளவில் நின்றுவிடுகிறது. அதன் மூலக்கூறுகளில் பெரும்பாலானவை ஆவியான பிறகும் இரண்டிரண்டாக இணைந்தே திரிகின்றன; தனித்து அலையும் துகள்கள் குறைவு. கண்ணுக்கே தெரியாத இந்த ஜோடிகளை ஒரு வகுத்தல் கணக்கு காட்டிக்கொடுக்கிறது!

நீங்களும் எத்தனாலுக்குப் போட்டுப் பாருங்கள்: ஆவியாதல் என்தால்பி 38.6 கிலோஜூல், கொதிநிலை 351 கெல்வின். விடை தண்ணீரின் எண்ணை ஒட்டியே வரும். அங்கும் காரணம் ஹைட்ரஜன் பிணைப்புதான்.