வீட்டில் வாக்குவாதம், உடம்பில் நோய்



தலைவலி, நெஞ்சு படபடப்பு, ராத்தூக்கம் இல்லை என்று தோட்ட மருந்தகத்துக்கு வருகிறவர்களிடம், "வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லைங்க" என்றுதான் முதலில் சொல்வார்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி, "பையன் பேச்சைக் கேக்க மாட்டேங்கிறான் ஐயா" என்பவர்கள் பலர்.

நம் தோட்டங்களில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே வரும் பெரிய சண்டை வேலையைப் பற்றியது. அதற்குள்ளே இருப்பது வீடு. நாம் குடியிருக்கும் வீடு வேலையோடு வந்த வீடு. 2013 ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. வேலை முடிந்தால் சாவியையும் ஒப்படைக்க வேண்டி வரும். ஆகவே தகப்பனார், "நீ இங்கேயே பேரைப் பதிஞ்சுக்கிட்டா வீடு நம்ம கையில இருக்கும்" என்கிறார். ஐந்தாம் படிவம் முடித்த மகனோ, "நான் ஜொகூருக்குப் போறேன், அப்புறம் சிங்கப்பூர்ல வேலை தேடுறேன்" என்கிறான்.

மகன் சொன்னது தகப்பனார் காதில், "உங்களை விட்டுட்டுப் போறேன்" என்று விழுகிறது. தகப்பனார் சொன்னது மகன் காதில், "நீயும் இங்கேயே கிட" என்று விழுகிறது. உண்மையில் நாளைக்கு எங்கே குடியிருப்பது என்ற ஒரே பயம்தான் இருவருக்கும். பயத்தைப் பயம் என்று சொல்ல நமக்குப் பழக்கமில்லை. அது கோபமாக வெளிவருகின்றது.

கோபம் வந்ததும் சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் ஒரு நீரைச் சுரக்கின்றன. இருதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஒருநாள் சண்டை என்றால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். தினமும் நடந்தால் தூக்கம் கெடும், பசி கெடும், சிலருக்குக் குடி கூடும். ரத்தக் கொதிப்பும் இனிப்பு நீரும் உள்ளவர்கள் வெறுப்பில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இது ஆபத்து. மீண்டும் மீண்டும் பார்க்கும்போதும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், "எல்லாம் பையனாலதான்" என்று விட்டுவிடாமல் சிகிச்சை பெறுங்கள்.

பிள்ளைகளுக்கும் உடம்பு சொல்லும். வயிற்றுவலி, சாப்பாடு வேண்டாம், ராத்திரி முழுக்கக் கைப்பேசி, பகலில் தூக்கம். பின்விளைவை யோசித்து நிதானிக்கும் மூளைப் பகுதி முழு வளர்ச்சி பெற ஏறக்குறைய 25 வயதாகும். எடுத்தெறிந்து பேசுவதெல்லாம் திமிர் என்று முடிவு கட்ட வேண்டாம்.

என்ன செய்யலாம்?

வெட்டு முடிந்து பசியோடு வந்த நேரத்திலும், தண்ணி போட்ட நேரத்திலும் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். குளித்து, சாப்பிட்ட பிறகு பேசுங்கள். "அடுத்த வீட்டுப் பையனைப் பாரு" என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள்.

பிறகு ஒரு தாளை எடுங்கள். அப்பாவுக்கு 60 வயதாக இன்னும் எத்தனை வருஷம், சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது, மகன் மாதம் எத்தனை வெள்ளி அனுப்ப முடியும் என்று எழுதுங்கள். வீடு வாங்கச் சேமநிதியில் ஒரு பகுதியை எடுக்க வழியுண்டு. சேமநிதிக் கடிதத்தைப் பிள்ளையையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். சண்டை போட்டவன் கணக்குப் பார்க்க உட்காருவான்.

தம்பி, தங்கச்சி, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று செய்தி சொல்லாதீர்கள். எங்கே வேலை, எங்கே தங்குவது, எப்போது வீட்டுக்கு வருவது என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. யாரோடும் பேசாமல் முடங்கிக் கிடந்தாலோ, "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்று சொன்னாலோ, அதை நடிப்பு என்று தள்ளாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியே விடாதீர்கள். களைக்கொல்லி, மாத்திரை எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள். பராகுவாட் 2020-இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது, ஆனால் மற்றவையும் விஷமே. எதையாவது விழுங்கிவிட்டால், ஆள் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் காத்திருக்காமல், போத்தலையும் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று ஒளிக்க வேண்டாம். 2023-இல் சட்டம் திருத்தப்பட்டது. தற்கொலை முயற்சி இப்போது குற்றமல்ல. மனம் விட்டுப் பேச சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணை அழைக்கலாம்.

அடுத்த முறை மருந்தகத்துக்கு வரும்போது தலைவலியோடு வீட்டுக் கவலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால்தான் சரியான வைத்தியம் செய்ய முடியும். நீங்கள் சொல்வது மருந்தக வாசலைத் தாண்டிப் போகாது.