தேர்வும் ஒரு சோதனையே!

தக்கலை மாணவியும் சென்னை மாணவனும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் பெறும் மதிப்பெண்களை எப்படி ஒப்பிட முடிகிறது?

ஆய்வுக்கூடத்தில் ஒன்றை அளக்க, மற்றவற்றை மாறாமல் வைப்போம் அல்லவா? தேர்வு நடத்தும் பள்ளியும் அதைத்தான் செய்கிறது. ஓர் அறைக்கு 20 பேர். வினாத்தாள் உறையின் முத்திரையைப் பார்த்து இரு மாணவர்கள் கையொப்பமிட்ட பின்பே உறை பிரிக்கப்படும். வினாக்களைப் படிக்க 10 நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடம். இது எங்கும் ஒன்றே. 1956-இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து வந்த குமரி மாவட்டத்தில் மலையாள வழியில் பயில்வோரும் உண்டு. அவர்களுக்கு அதே கணித, அறிவியல் வினாக்கள் மலையாளத்தில் வரும்.

விடைத்தாளைத் திருத்துமுன், பெயரும் படமும் உள்ள முகப்புப் பகுதியைக் கிழித்துவிடுவார்கள். திருத்துபவர் காண்பது விடையை மட்டுமே.

ஓர் உறை முன்னதாகப் பிரிந்தாலோ? மதிப்பெண் உங்கள் உழைப்பை அளக்காது, வேறெதையோ அளக்கும்!